வேளாண் பட்டப்படிப்பு: பாடப்பிரிவை முதலில் பார்ப்பதா, கல்லூரியை முதலில் பார்ப்பதா?

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தரவரிசைப் பட்டியல் வெளியானதும், அதன் உச்சியில் இருக்கும் மாணவருக்குக் குழப்பம் ஏதுமில்லை. கோவை வளாகத்தில் பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மை கிடைத்தால் எடுத்துக்கொள்வார், பெற்றோரும் நிம்மதியடைவார்கள். உண்மையான தடுமாற்றம் பட்டியலின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கும். பல்கலைக்கழகத்தின் சொந்த உறுப்புக் கல்லூரி ஒன்றில் தோட்டக்கலையோ வனவியலோ படிக்கலாம்; அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி ஒன்றில் வேளாண்மையே படிக்கலாம்; இரண்டும் வேண்டாம் என்றால், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் கூடுதல் கட்டணம் கட்டி வேளாண்மை படிக்கலாம். இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநில அரசின் வேளாண்மை அலுவலர் பணி ஒன்றே இலக்கு என்று உறுதியாக இருப்பவர், பாடப்பிரிவை முதலில் பார்க்க வேண்டும். மற்ற எல்லோரும் கல்லூரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, "எங்கே படித்தாலும் அக்ரி அக்ரிதான்" என்பதாகவே இருக்கிறது. அந்த அறிவுரை ஏன் போதாது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடெங்கும் வேளாண் பட்டப்படிப்புக்கான பாடத்திட்டத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கும் முதன்மையர் (டீன்கள்) குழுவின் பரிந்துரைகளே வடிவமைக்கின்றன. ஐந்தாவது குழுவின் பரிந்துரைகள் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தன. ஆறாவது குழுவின் பரிந்துரைகள் 2024-25 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கின. ஆகவே, கோவையில் படிப்பவரும் ஏதோ ஒரு மாவட்டத்தின் தனியார் கல்லூரியில் படிப்பவரும் தாளில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே பாடங்களைத்தான் படிக்கிறார்கள்: உழவியல், மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியலும் பயிர்ப் பெருக்கமும், விதை அறிவியல், வேளாண் பொருளியல், வேளாண் விரிவாக்கம், கொஞ்சம் தோட்டக்கலை, கொஞ்சம் பொறியியல், கொஞ்சம் கால்நடை. நான்கு ஆண்டு, எட்டுப் பருவங்கள். பாடத்திட்டம் ஒன்றாக இருப்பதால்தான் கல்லூரிக்குக் கல்லூரி உள்ள வேறுபாடு பாடத்திட்டத்தில் தெரியாமல், பண்ணையிலும் ஆய்வகத்திலும் ஆசிரியரிடத்திலும் போய்த் தங்குகிறது.

வேளாண் கல்வியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு எண்கள் இருக்கும். "2+1" என்றால் வகுப்பறைக்கு இரண்டு அலகு, செயல்முறைக்கு ஓர் அலகு என்று பொருள். பயிர் உற்பத்திச் செயல்முறை என்ற பாடத்தில் முதல் எண் சுழியம். அதாவது வகுப்பறையே கிடையாது. மாணவர்களுக்கு நிலத்தில் பாத்தி ஒதுக்கப்படும். நாற்றங்கால் விடுவதிலிருந்து வரப்பு கட்டுவது, நடவு, களையெடுப்பு, உரமிடல், நீர் கட்டுவது, அறுவடை செய்து எடை போட்டு வரவு செலவு கணக்கெழுதுவது வரை அவர்களே செய்ய வேண்டும். இதை ஒழுங்காக நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவி இரண்டு பருவங்களில் கற்றுக்கொள்வதை, முப்பது பேருக்கு ஒரு பாத்தியைக் காட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் இருந்தாலும் கற்றுக்கொள்ள முடியாது. பூச்சியியலுக்கு மாணவர்கள் தாமே பூச்சிகளைப் பிடித்து, ஊசியில் குத்தி, பெயரெழுதிப் பெட்டியில் அடுக்கி ஒப்படைக்க வேண்டும்; களைகளை உலர்த்தித் தாளில் ஒட்டித் தொகுக்க வேண்டும். இவற்றைச் சிலர் மூத்த மாணவரிடமிருந்து பெற்று ஒப்படைத்து விடுகிறார்கள். அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் இருக்கிறாரா என்பதில்தான் கல்லூரியின் தரம் தெரியும்.

நிலத்தைப் பொறுத்தவரை பழைய உறுப்புக் கல்லூரிகளுக்கு எளிதில் ஈடு செய்ய முடியாத முன்னிலை உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் 1868 இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971 இல் பல்கலைக்கழகமான நிறுவனம் இது. கோவை வளாகத்தில் நன்செய் நிலமும் தோட்டக்கால் நிலமும் தனித்தனியே உண்டு. ஒரே நிலத்தில் ஆண்டாண்டாக எருவும் உரமும் இட்டு மண் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் நிரந்தர எரு ஆய்வு 1909 இலிருந்து அங்கே நடந்துவருகிறது. மண்ணியல் படிக்கும் மாணவர் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பற்றிப் புத்தகத்தில் படித்துவிட்டு, நூறு ஆண்டுக்கும் மேலாக எதுவும் இடப்படாத பாத்தியையும் தொழுவுரம் மட்டும் இடப்பட்ட பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிகிறது. நகரின் அதே பகுதியில் 1912 இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் இருக்கிறது. கட்டணம் எவ்வளவு கட்டினாலும் இந்தச் சூழலைப் புதிய கல்லூரி ஒன்று பத்து ஆண்டில் உருவாக்கிவிட முடியாது.

ஆனால் உறுப்புக் கல்லூரி என்றாலே எல்லாம் ஒன்று என்றும் எண்ணக் கூடாது. மதுரை, தூத்துக்குடி மாவட்டம் கிள்ளிகுளம், திருச்சி நாவலூர் குட்டப்பட்டு ஆகிய இடங்களில் உள்ளவை பல பத்தாண்டுகள் பழையவை. அங்கே முதுநிலை மாணவர்களும் ஆய்வுத் திட்டங்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையிலும் திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரிலும் 2014 இல் கல்லூரிகள் வந்தன. கரூர், கீழ்வேளூர், செட்டிநாடு ஆகியவை அவற்றுக்கும் பிந்தியவை. புதிய உறுப்புக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரும் குறைந்த கட்டணமும் இருந்தாலும், முதுநிலைத் துறைகள் வளரும்வரை இளநிலை மாணவருக்கு ஆய்வு நடக்கும் வயலைப் பார்க்கும் வாய்ப்பு குறைவாகவே இருக்கும். அதே வேளையில், கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில், 2013 க்குப் பிறகு அரசின் பொறுப்பில் வந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் நீண்ட மரபுடையது. காவிரிப் படுகையின் கடைமடையில் இருப்பதால் நெல்லைப் பற்றிப் படிக்க நல்ல இடம். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ.நம்மாழ்வார் வேளாண் பட்டம் பெற்றது அங்கேதான். பட்டத்துக்குப் பின் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பசுமைப் புரட்சிக்கு வழிகாட்டிய எம்.எஸ்.சுவாமிநாதன் படித்தது கோவை வேளாண்மைக் கல்லூரியில். ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் சென்ற இருவரும் ஒரே வகைப் பட்டத்திலிருந்து தொடங்கியவர்கள் என்பதை, "இந்தப் படிப்புக்கு ஒரே வழிதான்" என்று அஞ்சும் பெற்றோருக்கு நினைவூட்டத் தோன்றுகிறது.

இனித் தனியார் பக்கம். இணைப்புக் கல்லூரிகளில் படித்தாலும் பட்டம் தருவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே. அதன் தேர்வு முறையும் பாட ஒழுங்கும் பொருந்தும் என்பதால், நன்றாக நடத்தப்படும் இணைப்புக் கல்லூரி ஒன்று மோசமான தேர்வு ஆகாது. தனியார் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு: பாடத்திட்டத்தையும் தேர்வையும் பட்டத்தையும் அவையே பார்த்துக்கொள்கின்றன. இங்குதான் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தர அங்கீகாரம் என்ற கேள்வி முக்கியமாகிறது. பட்டத்துக்குப் பின் எம்.எஸ்சி. படிக்க விரும்பும் மாணவர் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பல மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் முதுநிலைச் சேர்க்கையிலும், தேசிய அளவிலான முதுநிலை இடங்களிலும், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் பட்டம்தானா என்று பார்க்கிறார்கள். கல்லூரி விளம்பரத்தில் "யு.ஜி.சி. அங்கீகாரம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் அந்த அங்கீகாரம் பட்டம் செல்லுமா என்ற கேள்விக்குப் பதில், முதுநிலை வேளாண் சேர்க்கைக்கான பதில் ஆகாது. சேருவதற்கு முன் அந்த அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் நிர்வாகத்தை நம்பி நான்கு ஆண்டுகளைக் கொடுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பாடப்பிரிவுக்கு வருவோம். தோட்டக்கலையை வேளாண்மைக்கு இரண்டாம் தரம் என்று எண்ணும் வழக்கம் தமிழகத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதற்குப் பாடத்தின் தன்மையில் எந்தக் காரணமும் இல்லை. தேனி மாவட்டத்தின் திராட்சையும் வாழையும், நீலகிரியின் மலைக்காய்கறிகள், ஓசூரின் கொய்மலர், பொள்ளாச்சியின் தென்னை, கிருஷ்ணகிரியின் மாம்பழக்கூழ் ஆலைகள் என்று பணம் புழங்கும் வேளாண்மையில் பெரும்பகுதி தோட்டக்கலைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பழத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. கன்று ஒட்டுக்கட்டுவதையும் கவாத்து செய்வதையும் கற்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. நாற்றங்கால் தொழில், பசுமைக்குடில், அறுவடைக்குப் பிந்திய கையாளுதல், ஏற்றுமதி ஆகியவற்றில் சொந்தமாகக் கால் வைக்க நினைப்பவருக்கு, உறுப்புக் கல்லூரியில் கிடைக்கும் தோட்டக்கலை, ஓர் எளிய தனியார் கல்லூரியில் கிடைக்கும் வேளாண்மையைவிட மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

இருந்தும் வேளாண்மைப் பட்டத்தின் பரப்பு பெரியது என்பதை மறைக்க முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டத்தையும், தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டத்தையும் கேட்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பணியிடங்கள் உள்ள வேளாண்மைத் துறை தோட்டக்கலைத் துறையைவிடப் பெரியது. காலியிடங்களும் பெரும்பாலும் அதில்தான் கூடுதல். முதுநிலையிலும் அப்படியே: உழவியல், மண்ணியல், பயிர்ப் பெருக்கம் போன்றவற்றுக்கு வேளாண் பட்டதாரிக்குத் திறந்திருக்கும் கதவுகள் சில, தோட்டக்கலைப் பட்டதாரிக்கு மூடியிருக்கும். அதனால்தான் அலுவலர் பணியை மட்டும் குறிவைப்பவர், கல்லூரி சற்றுப் பின்தங்கியதாயினும், அங்கீகாரம் உறுதியாக இருந்தால் வேளாண்மையையே எடுக்கலாம் என்று முதலில் சொன்னேன். ஒரு செய்தியையும் அவர் மனத்தில் வைக்க வேண்டும்: இந்தத் தேர்வு அறிவிப்புகள் ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதில்லை. ஓர் அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் இடையே காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்ற திட்டம் இல்லாமல் ஒரே பணியை நம்பி நிற்பது கடினம்.

வங்கித் துறை இதில் வேறுபட்டது. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை அறிவியல், வேளாண் பொறியியல், வனவியல், மீன்வளம் எனப் பல நான்காண்டுப் பட்டங்கள் ஏற்கப்படுகின்றன. தமிழகத்திலிருந்து வேளாண் படித்தவர்களில் கணிசமானோர் இந்த வழியாகத்தான் முதல் வேலையில் சேருகிறார்கள். இங்கே பாடப்பிரிவின் பெயரால் பயனுமில்லை, இழப்புமில்லை. நான்கு ஆண்டில் எவ்வளவு கற்றோம், தேர்வுக்கு எவ்வளவு ஆயத்தம் செய்தோம் என்பதே பார்க்கப்படும். சொந்தத் தொழில் பக்கம் செல்பவருக்கு, 2002 இல் நடுவண் அரசு தொடங்கிய வேளாண் மருத்துவ மையம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான மேனேஜின் மேற்பார்வையில் பயிற்சியும், நபார்டு எனும் தேசிய வேளாண் மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி வழியாக மானியத்தோடு கூடிய கடனும் கிடைக்கும். தோட்டக்கலைப் பட்டதாரிக்கும் அது பொருந்தும்.

வேளாண் பொறியியலைப் பற்றி ஒரு தவறான புரிதல் இருக்கிறது. இது இரண்டு வாசல்கள் வழியாகக் கிடைக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கோவையிலும் திருச்சி மாவட்டம் குமுளூரிலும் பி.டெக். வேளாண் பொறியியல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் பி.இ. வேளாண் பொறியியல் உண்டு, அதற்குப் பொறியியல் கலந்தாய்வின் வழியே சேர வேண்டும். இரண்டுமே பி.எஸ்சி. வேளாண்மைக்கு மாற்று ஆகா. நீர்ப்பாசனக் கட்டமைப்பு, டிராக்டரும் அறுவடை இயந்திரமும், மண் அரிப்புத் தடுப்பு, உணவுப் பதனீடு ஆகியவையே அங்கே மையம். பயிரின் நோயையும் பூச்சியையும் குறைவாகவே தொடுவார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் உண்மையான விருப்பம் உள்ளவர் மட்டும் இதற்குப் போகட்டும். "அக்ரி கிடைக்கவில்லை, அக்ரி இன்ஜினியரிங் கிடைத்தது" என்று சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் வெப்பவியலிலும் பாய்ம இயக்கவியலிலும் தவிக்கக் காண்பது வருத்தமான காட்சி.

கிராமத்திலிருந்து வருபவருக்கும் நகரத்திலிருந்து வருபவருக்கும் கல்லூரி ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இறுதியாண்டில் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் வரும். மாணவர்கள் ஒரு வட்டாரத்தில் சில வாரங்கள் தங்கி, உழவர்களோடு பழகி, விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, மண் மாதிரி எடுத்தல் போன்றவற்றைச் செயல்விளக்கம் செய்து காட்டுவார்கள். செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும் படங்கள் இவைதான். உண்மையில் உழவர்களிடம் அவர்கள் கற்பதே அதிகம். அறுபது வயது விவசாயி "இந்த மருந்தை அடித்தால் நன்மை செய்யும் பூச்சியும் சாகுமே, அதற்கு என்ன வழி?" என்று கேட்கும்போது பதில் சொல்லப் பண்ணையில் உழைத்த அனுபவம் வேண்டும். கல்லூரி எந்த வட்டாரங்களுக்கு மாணவர்களை அனுப்புகிறது, கூடவே ஆசிரியர் போகிறாரா என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்தால், பண்ணையைப் பற்றிய உண்மையும் சேர்ந்தே வெளிவரும்.

தமிழ்வழிக் கல்வியைத் தேர்வது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் தமிழ்வழியிலும் நடத்தத் தொடங்கியிருப்பதை மனமார வரவேற்கிறேன். உழவரிடம் பேசப்போகும் அலுவலர் உழவரின் மொழியிலேயே தொழில்நுட்பத்தைக் கற்பது இயல்பானது. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. ஆனால் 2020 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருந்தால்தான் அது பொருந்தும். பட்டம் மட்டும் தமிழ்வழியில் பெற்றால் போதாது. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த ஒருவர் அந்த முன்னுரிமைக்காகத் தமிழ்வழி இடத்தை எடுப்பது பயனற்றது. தொடக்கம் முதலே அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவருக்கோ அது பெரும் வாய்ப்பு. அத்தகைய மாணவர் 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டிலும் இடம் கேட்கலாம். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், தமிழ்வழியில் சேர்பவர் கலைச்சொற்களை இரு மொழியிலும் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

வெளிமாநிலம் செல்வது குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி இடங்கள் க்யூட் எனும் தேசியப் பொது நுழைவுத் தேர்வின் வழியே அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. பஞ்சாபின் லூதியானா, உத்தராகண்டின் பந்த்நகர் போன்ற இடங்களில் கிடைத்தால் அது நல்ல கல்வி. கோதுமை நாட்டைப் பார்த்த கண் நெல் நாட்டைப் புதிதாகப் பார்க்கும். கேரளத்தில் வேளாண்மைச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் அடிப்படையாகிறது. தமிழகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். தமிழ்நாட்டில் உறுப்புக் கல்லூரி கிடைக்கும் தரவரிசையில் இருப்பவர் மொழி தெரியாத மாநிலத்தில் கிராமத் தங்கலை எதிர்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை.

மதிப்பெண் குறைந்தவருக்கும், குடும்பச் சூழ்நிலையால் விரைவில் வருமானம் தேடுபவருக்கும், இரண்டாண்டு வேளாண் பட்டயப்படிப்பை ஒரு தோல்வியாகச் சொல்லும் போக்கு நியாயமற்றது. உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் பணிகளுக்குக் கேட்கப்படுவது பட்டயமே. கிராமத்தில் உழவரின் வரப்பில் நின்று பேசுபவர் பெரும்பாலும் அவர்தான். கடன் வாங்கித் தரமற்ற தனியார் கல்லூரியில் பட்டம் படிப்பதைவிட, அரசுக் கல்வி நிறுவனத்தில் பட்டயம் படிப்பது பல குடும்பங்களுக்கு அறிவார்ந்த முடிவாக இருக்கும்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது என் வரிசை இப்படி இருக்கும்: முதுநிலைத் துறைகள் உள்ள பழைய உறுப்புக் கல்லூரிகளில் வேளாண்மை, அடுத்து அதே கல்லூரிகளின் வளாகங்களிலும் பெரியகுளத்திலும் தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல், பிறகு புதிய உறுப்புக் கல்லூரிகளில் வேளாண்மை, அதன்பின் நேரில் பார்த்து நம்பிக்கை வந்த இணைப்புக் கல்லூரிகள், தனியார் பல்கலைக்கழகம் கடைசி. அலுவலர் பணியை மட்டும் விரும்புபவர் புதிய உறுப்புக் கல்லூரியின் வேளாண்மையைத் தோட்டக்கலைக்கு மேலே தூக்கிக்கொள்ளட்டும். பட்டியலை இறுதி செய்யும் முன், அருகிலுள்ள இரண்டு கல்லூரிகளுக்காவது ஜூன் மாத வெயிலில் நேரில் போய் வர வேண்டும். அப்போதுதான் கிணற்றிலும் பண்ணைக்குட்டையிலும் எவ்வளவு நீர் இருக்கிறது, எந்தப் பயிர் நிற்கிறது, டிராக்டர் ஓடுகிறதா, மாணவர் பாத்திகளில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பயிரும் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அலுவலகத்தில் அமரவைத்துக் கட்டடத்தின் படங்களை மட்டும் காட்டி, பண்ணைக்கு அழைத்துப்போக நேரமில்லை என்று சொல்லும் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.